வெளி விளக்கை எங்கே மாட்டலாம்?

இருட்டிய பிறகு உங்கள் வீட்டைச் சுற்றி எங்கெல்லாம் நடக்கிறீர்கள்? ஒரு தாளில் வீட்டை வரையுங்கள். கிணறு, மாட்டுக் கொட்டகை, கழிப்பறை ஆகியவற்றைக் குறியுங்கள். இரவில் நடக்கும் வழிகளுக்குக் கோடு போடுங்கள். அந்தக் கோட்டின் மேல்தான் வெளிச்சம் விழ வேண்டும்.

பலர் வீட்டு முகப்பில் உயரமாக ஒரு பெரிய விளக்கை மாட்டுகிறார்கள். தெருவே பளிச்சென்று தெரிகிறது. ஆனால் கொல்லைப்புறத்துக் கழிப்பறைக்குப் போகும் வழி இருட்டாகவே கிடக்கிறது. விளக்கு பெருமைக்கா, காலுக்கா?

நம் நாட்டில் 2000 முதல் 2019 வரை பாம்புக் கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் சுமார் பாதிப் பேர் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் இறந்தவர்கள். கட்டுவிரியன் இரவில்தான் இரை தேடும்.

விளக்கு வைத்தால் பாம்பு வரும் என்று சிலர் சொல்வார்கள். இதில் கொஞ்சம் உண்மை உண்டு. வெளிச்சத்துக்குப் பூச்சி வரும். பூச்சியைத் தின்னத் தவளை வரும். தவளையைத் தேடிப் பாம்பு வரலாம். அதற்காக இருட்டில் நடக்க முடியுமா? வாசற்படிக்கு நேர் மேலே விளக்கு வேண்டாம். நான்கைந்து அடி தள்ளி மாட்டுங்கள். வெளிச்சம் படியில் விழட்டும். விளக்குக்கு மேல் ஒரு மூடி இருந்தால் வெளிச்சம் கீழே இறங்கும், கண்ணும் கூசாது. வெள்ளை வெளிச்சத்தைவிட மஞ்சள் வெளிச்சத்துக்குப் பூச்சி குறைவாக வரும்.

செலவையும் பார்ப்போம். 1000 வாட் ஒரு மணி நேரம் எரிந்தால் 1 யூனிட். 60 வாட் குண்டு பல்பு தினமும் 10 மணி நேரம் எரிந்தால் 30 நாளில் 18 யூனிட் ஆகும். 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு 3 யூனிட்கூட ஆகாது. நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

துணி காயப்போடும் இரும்புக் கம்பியில் மின் ஒயரைச் சுற்றவே கூடாது. ஒயரின் தோல் உரிந்தால் கம்பி முழுவதும் மின்சாரம் பாயும். ஈரத் துணியைப் போட வருபவர் உயிர் போய்விடும். வெளியே ஒயர் இழுக்கும் வேலையை மின் பணியாளரிடம் விடுங்கள்.

கழிப்பறை வழிக்குச் சின்ன சூரிய விளக்கே போதும். அதற்கு ஒயர் இழுக்க வேண்டாம். மர நிழலில் வைத்தால் சரியாகச் சார்ஜ் ஏறாது, நடு இரவில் அணைந்துவிடும். தகட்டில் படியும் தூசியை வாரம் ஒரு முறை ஈரத் துணியால் துடையுங்கள்.