குரூப்பை விட்டுக் கிளம்ப முடியாதது ஏன்?

1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது. ம.பொ.சி. முன்னின்ற எல்லைப் போராட்டமும் நடுவர் படாஸ்கரின் பரிந்துரையும் தந்த பலன் அது. அரசு மாறியது, ஆந்திரத்திலேயே நின்றுவிட்ட நகரியிலும் புத்தூரிலும் இருந்த சம்பந்திகள் சம்பந்திகளாகவே இருந்தார்கள். நிர்வாகம் மாறினாலும் உறவு அறுபடாத இப்படியொரு ஏற்பாட்டைத்தான் மாஸ்டடான் போன்ற மையமற்ற சமூக ஊடகங்கள் தர முயல்கின்றன. அவற்றைப் பற்றிச் சில தவறான எண்ணங்கள் ஊன்றிப்போயிருக்கின்றன.

நம்பிக்கை: உள்நாட்டுச் செயலிக்கு மாறிவிட்டால் பெருநிறுவனப் பிடி விட்டுவிடும்.

உண்மை: 2025 செப்டம்பர் இறுதியில் சோஹோ நிறுவனத்தின் 'அரட்டை' செயலிக்குக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்தார்கள். தமிழ்ப் பெயர் கொண்ட செயலியை நாடே பேசியதில் எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் அதுவும் ஒரே நிறுவனம் நடத்தும் சேவைதான். பெங்களூரின் 'கூ' சமூக ஊடகம் 2024 ஜூலையில் மூடப்பட்டபோது, அதில் எழுதியவர்கள் ஃபாலோயர்களோடு வேறு இடம் போக வழியில்லை. மாஸ்டடானில் அப்படியில்லை: சர்வர்கள் பல, நடத்துபவர்களும் பலர். 2018-இல் பொதுத் தரமாக ஏற்கப்பட்ட ஆக்டிவிட்டிபப் நெறிமுறையால், ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரோடு பேசலாம்.

நம்பிக்கை: மக்கள் மாறாததற்குக் காரணம் சோம்பல், அல்லது தொழில்நுட்பம் தெரியாதது.

உண்மை: இப்படிச் சொல்வது அநியாயம். பூக்கடைக்காரர்கள்கூட யுபிஐ பழகிவிட்ட நாடு இது. தடை வேறு இடத்தில் இருக்கிறது. கிடைக்கப்போவதைவிட இழக்கப்போவதே மனதுக்குப் பெரிதாகத் தெரியும் என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே எழுதினார்கள். திருத்தணிக் குடும்பம் ஒன்றின் வாட்ஸ்அப் குரூப்பை எண்ணிப் பாருங்கள். அத்தை நகரியில், தம்பி அரக்கோணத்தில், மகள் சென்னையில். ஆடிக் கிருத்திகைக்கு யார் காவடி எடுக்கிறார்கள், யார் எந்த ரயிலில் வருகிறார்கள் என்பதெல்லாம் அந்த ஒரே இடத்தில். அதை விட்டுத் தனியாகப் போகிறவருக்குப் புதிய செயலியின் கொள்கை எவ்வளவு உயர்ந்ததாக இருந்து என்ன பயன்? "நீ முதல்ல போ, நான் பின்னால வர்றேன்" என்று ஆளுக்கு ஆள் காத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் விருப்பம் இருந்தும் ஒருவரும் நகராமல் போவது இப்படித்தான்.

கோபம் இந்தத் தயக்கத்தைச் சில நாள் வெல்லும். 2019 நவம்பரில் மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியபோது, இந்தியர்கள் பலர் மாஸ்டடானில் கணக்குத் தொடங்கினார்கள். 2022 அக்டோபரில் ட்விட்டர் ஈலான் மஸ்க் கைக்குப் போனதும் உலகம் முழுவதும் அதே அலை எழுந்தது. அந்த ஆண்டு இறுதியில் மாஸ்டடானின் மாதாந்தரப் பயனர்கள் சுமார் 25 லட்சம். பிறகு அந்த எண்ணிக்கை 10 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. பேச்சுத் துணை பழைய இடத்திலேயே இருக்கும்போது, புதிய இடத்தில் எத்தனை நாள் தனியாகப் பேசிக்கொண்டிருக்க முடியும்? திரும்பியவர்களைக் கொள்கை இல்லாதவர்கள் என்று ஏசுவதை நான் ஏற்கமாட்டேன்.

நம்பிக்கை: மையம் இல்லையென்றால் கட்டுப்பாடும் இல்லை.

உண்மை: ஒவ்வொரு சர்வருக்கும் விதி உண்டு. வெறுப்புப் பேச்சுக்குப் பேர்போன 'கேப்' தளம் 2019-இல் மாஸ்டடான் மென்பொருளுக்கு மாறியதும், பல சர்வர்கள் அதனுடனான தொடர்பைத் துண்டித்தன.

நம்பிக்கை: எப்போது வேண்டுமானாலும் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வேறு சர்வருக்குப் போகலாம்.

உண்மை: பாதிதான் சரி. மாஸ்டடானில் ஃபாலோயர்கள் உங்களோடு வருவார்கள். பழைய பதிவுகள் வராது. பழைய சர்வர் இயங்கிக்கொண்டிருக்கும்போதே மாற வேண்டும். அது நின்றுபோனால் ஃபாலோயர்களையும் கொண்டுபோக முடியாது.

ஆகவே மாற நினைப்பவர்கள் தனியாகக் கிளம்பாதீர்கள். தினமும் பேசும் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு ஒரே நாளில் போங்கள். பழைய கணக்கைச் சில மாதங்களாவது மூடாமல் வைத்திருங்கள்.