தலை சுற்றினால் அளந்து பாருங்கள்

செகந்திராபாத்தில் லாலாகுடா என்று ஒரு பகுதி. ரயில் பட்டறை இருக்கும் இடம். அங்கே தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அதில் ஓர் அம்மா. வயது 58. பூக்கட்டி விற்கிறார். அவருக்கு இரத்தக் கொதிப்பு. தினமும் மாத்திரை சாப்பிடுகிறார்.

மே மாதம். கடும் வெயில். ஒரு நாள் காலையில் பாயிலிருந்து சட்டென்று எழுந்தார். தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"கொதிப்பு ஏறிவிட்டது. இன்று இரண்டு மாத்திரை போட வேண்டும்" என்றார்.

மருமகள் தடுத்தாள். "அளந்து பார்க்காமல் எப்படித் தெரியும் அத்தை? வாருங்கள், போகலாம்."

இருவரும் பஸ்தி தவாகானாவுக்குப் போனார்கள். ஐதராபாத்தில் 2018இல் தொடங்கிய சிறு அரசு மருத்துவமனைகள் இவை. காசு வாங்குவதில்லை.

நர்ஸ் அம்மாவை உட்கார வைத்து அளந்தார். 128க்கு 80. பிறகு நிற்க வைத்து அளந்தார். 102க்கு 68.

டாக்டர் சொன்னார்: "கொதிப்பு ஏறவில்லை அம்மா. எழுந்து நின்றால் இறங்குகிறது. இரண்டு மாத்திரை போட்டிருந்தால் விழுந்திருப்பீர்கள். உங்கள் மாத்திரை சிறுநீரை அதிகம் போக்கும். வெயிலில் வியர்வையும் போகிறது. தண்ணீர் குடிக்கிறீர்களா?"

அம்மா தயங்கினார். "கடை போடும் இடத்தில் கழிப்பறை இல்லை. அதனால் குடிப்பதில்லை."

எத்தனையோ பெண்கள் இப்படித்தான் தாகத்தை அடக்குகிறார்கள்.

"அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?"

"நீங்களாக நிறுத்தவும் கூடாது, கூட்டவும் கூடாது. கொதிப்பு 140க்கு 90க்கு மேல் போனாலும் பலருக்குத் தலை சுற்றாது. ஒன்றுமே தெரியாது. உள்ளே இதயம், மூளை, சிறுநீரகம் கெடும். மாத்திரையின் அளவை நான் குறைத்துத் தருகிறேன். அடுத்த வாரம் வந்து அளந்துகொள்ளுங்கள்."

"உப்புப் போட்டு மோர் குடிக்கலாமா?"

"மோர் குடியுங்கள். உப்பு வேண்டாம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு சின்னக் கரண்டி உப்பு போதும். அதாவது 5 கிராம். ஆவக்காய் ஊறுகாயிலும் அப்பளத்திலும் இருப்பதும் அந்தக் கணக்கில்தான்."

டாக்டர் மருமகளிடம் இன்னொன்றும் சொன்னார். தலைசுற்றலோடு வாய் கோணினால், ஒரு பக்கக் கை கால் விழுந்தால், பேச்சுக் குழறினால், நெஞ்சு வலித்தால் காத்திருக்கக் கூடாது. உடனே 108க்குப் போன் செய்ய வேண்டும். அந்த வண்டி முதலில் ஓடத் தொடங்கியதே ஐதராபாத்தில்தான், 2005இல்.

இப்போது அம்மா சட்டென்று எழுவதில்லை. ஒருக்களித்துப் படுக்கிறார். எழுந்து உட்காருகிறார். சற்று நேரம் கழித்துச் சுவரைப் பிடித்து நிற்கிறார். பூக்கூடையோடு தண்ணீர் பாட்டிலும் போகிறது. எதிரே உள்ள தையல் கடைக்காரம்மா தன் வீட்டுக் கழிப்பறையைப் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறார். அவருக்கு வெள்ளிக்கிழமை தோறும் ஒரு முழம் மல்லிகை.