அமெரிக்கக் கால்பந்துக் காணொளி விளையாட்டுகளில் மெய்ம்மையும் ஆடுநர் திறனும்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்கக் கால்பந்தைக் காணொளி விளையாட்டாக ஆக்குவோர், களத்தில் உள்ளதை உள்ளபடி காட்டுவதா, ஆடுநரின் கைத்திறனுக்கு இடமளிப்பதா என்னும் சிக்கலைத் தொடர்ந்து எதிர்கொண்டு வருகின்றனர். திரையில் நிகழும் வினைக்குக் கருத்தா யார் என்னும் வினாவே இச்சிக்கலின் அடிப்படை என்பதை, 1988 முதல் 2024 வரை வெளிவந்த சில விளையாட்டுகளின் வழி இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: அமெரிக்கக் கால்பந்து, காணொளி விளையாட்டு, மெய்ம்மை, ஆடுநர் திறன், தரமதிப்பு, கருத்தா

முன்னுரை

அமெரிக்கக் கால்பந்தில் அணிக்கு 11 பேர் களத்தில் நிற்பர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் முன்கூட்டியே வகுத்த திட்டம் ஒன்று உண்டு. அத்திட்டத்தின்படி குவாட்டர்பேக் எனப்படும் வீரர் பந்தைப் பெற்று, அதனை எறிகிறார் அல்லது ஓடுபவரிடம் ஒப்படைக்கிறார். இவ்வாறு 22 உடல்கள் ஒருசேர இயங்கும் ஆட்டம் இது.

இவ்வாட்டம் காணொளி விளையாட்டாகும்போது, கன்ட்ரோலரைப் பிடித்திருக்கும் ஆடுநர் ஒரு நேரத்தில் ஒரு வீரரை மட்டுமே இயக்க இயலும். ஏனையோரைக் கணினி நிரல் இயக்குகிறது. ஆகவே, பந்து இலக்கைச் சேரும்போது அச்செயல் ஆடுநருடையதா, திரையில் தோன்றும் வீரருடையதா என்னும் வினா எழுகிறது.

கருத்தாவும் கருவியும்

மூன்றாம் வேற்றுமைக்கு நன்னூல் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி ஆகிய பொருள்களைக் கூறுகிறது. கருத்தாவை இயற்றுதற் கருத்தா, ஏவுதற் கருத்தா எனப் பகுப்பது இலக்கண மரபு. ‘கொத்தனாரால் வீடு கட்டப்பட்டது’ என்பதில் கொத்தனார் வினையைத் தாமே இயற்றுகிறார். ‘வீட்டுக்காரரால் வீடு கட்டப்பட்டது’ என்பதில் வீட்டுக்காரர் பிறரைக்கொண்டு செய்விக்கிறார். இரண்டும் வழக்கில் பிழையற்ற தொடர்களே; எனினும் உழைப்பின் உரிமை இரண்டிலும் ஒன்றன்று. இப்பகுப்பு, காணொளி விளையாட்டில் ஆடுநரின் இடத்தை வரையறுக்கத் துணைசெய்கிறது.

ஆடுநர் இயற்றுதற் கருத்தாவாதல்

1989இல் நின்டென்டோ கருவிக்கு வெளிவந்த ‘டெக்மோ பவுல்’ அணிக்கு ஒன்பது வீரர்களையும் நான்கு திட்டங்களையும் மட்டுமே கொண்டிருந்தது. தாக்கும் அணியின் திட்டத்தை எதிராளி சரியாக ஊகித்துவிட்டால் அம்முயற்சி பெரும்பாலும் வீணாகும். 1997இல் மிட்வே நிறுவனம் வெளியிட்ட ‘என்.எஃப்.எல். பிளிட்ஸ்’ வீரர்களை ஏழாகக் குறைத்து, கடக்க வேண்டிய தொலைவை 30 கெஜமாக உயர்த்தி, தண்டனை விதிகளை நீக்கியது. இவற்றில் ஊகமும் விரல்விரைவுமே வெற்றியைப் பெரிதும் முடிவுசெய்தன. ஆடுநரே இயற்றுதற் கருத்தா. திரையின் வீரர் அவர்தம் கருவி.

ஆயினும் இத்தகைய விளையாட்டிலும் உண்மை வீரரின் ஆற்றல் உட்புகுந்தது. ‘டெக்மோ பவு’லில் போ ஜாக்சன் என்னும் ஓட்ட வீரர் ஏறக்குறையத் தடுக்க இயலாதவராக அமைக்கப்பட்டிருந்தார். அவரைத் தேர்ந்தவரின் வெற்றியில் கைத்திறனின் பங்கு எவ்வளவு என்பது ஐயத்திற்குரியதாயிற்று.

ஆடுநர் ஏவுதற் கருத்தாவாதல்

எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் தன் கால்பந்து விளையாட்டைத் திட்டமிட்டபோது, அக்காலக் கணினிகளின் ஆற்றல்குறைவு கருதி வீரர்களின் எண்ணிக்கையைக் குறைக்க எண்ணியது. அதற்குப் பெயர் வழங்கிய முன்னாள் பயிற்சியாளர் ஜான் மேடன், 11 பேர் இல்லையேல் அது கால்பந்தாகாது என மறுத்தார். பல ஆண்டு உழைப்பிற்குப் பின் 1988இல் ஆப்பிள் 2 கணினிக்கு ‘ஜான் மேடன் ஃபுட்பால்’ வெளிவந்தது. பயிற்சியாளர் ஒருவரின் பார்வையில் மெய்ம்மை என்பது திட்டங்களின் முழுமையே என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

இவ்வரிசை விளையாட்டுகளில் வேகம், வலிமை, விழிப்பு முதலிய பண்புகளுக்கு அதிகபட்சம் 99 எனத் தரமதிப்பு வழங்கப்படுகிறது. பந்தெறியும் பொத்தானை ஆடுநர் உரிய நொடியில் அழுத்தினாலும், தரமதிப்புக் குறைந்த வீரரின் எறிதல் பிழைக்கக்கூடும். இங்கு வீரர் இயற்ற, ஆடுநர் ஏவுகிறார்.

தரமதிப்பும் முழு மெய்ம்மை ஆவதில்லை. 2003இல் வெளிவந்த ‘மேடன் என்.எஃப்.எல். 2004’இல் அட்லாண்டா அணியின் மைக்கேல் விக், குவாட்டர்பேக்குகளில் ஒப்பற்ற வேகமுடையவராக அமைக்கப்பட்டு, எதிராளிகளைத் திணறச் செய்தார். அதே ஆகஸ்டு மாதம் உண்மைக் களத்தில் அவர் காலெலும்பு முறிந்து, அப்பருவத்தின் பெரும்பகுதியில் ஆட இயலாது போனார். எண்ணாக மாற்றப்பட்ட உடல் சோர்வதில்லை; உயிருள்ள உடல் முறிகிறது. மெய்ம்மைக்காக இடப்பட்ட எண்ணே மெய்ம்மையிலிருந்து விலகிச் சென்றதை இங்குக் காண்கிறோம்.

உடனிகழ்ச்சி

மூன்றாவது வழி ஒன்றும் முயலப்பட்டுள்ளது. 2005இல் வெளிவந்த ‘மேடன் என்.எஃப்.எல். 06’ குவாட்டர்பேக்கின் பார்வையை ஒளிக்கூம்பாகக் காட்டியது. கூம்பிற்கு வெளியே எறியப்படும் பந்து குறிதவறும் வாய்ப்பு மிகுதி. தேர்ந்த வீரரான பேட்டன் மேனிங்கின் கூம்பு அகன்றும், ஏனையோர் பலரின் கூம்பு குறுகியும் இருந்தன. கூம்பைத் திருப்புவது ஆடுநரின் கைத்திறன். அதன் அகலம் வீரரின் தகுதி. எனினும் ஆடுநர் பலர் இதனைச் சுமையாகக் கருதினர். பிற்காலப் பதிப்புகளில் இது கைவிடப்பட்டது.

2024இல் வெளிவந்த ‘இ.ஏ. ஸ்போர்ட்ஸ் காலேஜ் ஃபுட்பால் 25’ இவ்வழியை வேறு முறையில் தொடர்ந்தது. எதிரணியின் அரங்கில் கூட்டத்தின் ஆரவாரம் மிகும்போது திரை அதிர்கிறது. அனுபவமற்ற வீரர்கள் ஓட வேண்டிய பாதைகளைக் குறிக்கும் கோடுகள் நெளிந்து குழப்புகின்றன. வீரரின் பதற்றம் மறைவான கணக்கீடாக நில்லாமல் ஆடுநரின் கண்முன் வருகிறது. அதனைத் தாங்கி முடிவெடுப்பது ஆடுநரின் திறனாகிறது. வீரரோடு ஆடுநரும் துன்புறும் இந்நிலையை உடனிகழ்ச்சி எனலாம்.

நேர்மை என்னும் அளவுகோல்

2017இல் வெளிவந்த ‘மேடன் என்.எஃப்.எல். 18’ ஆட்டமுறையை மூன்றாகப் பிரித்தது. ஒன்று கேளிக்கையையும், ஒன்று தரமதிப்பையும் உண்மை விதிகளையும், ஒன்று போட்டியாளரின் கைத்திறனையும் முதன்மைப்படுத்தியது. இப்பகுப்பு சிக்கலைத் தீர்த்துவிடவில்லை. ஆயினும் ஆடுநர் எத்தகைய கருத்தாவாக அமர்கிறார் என்பதை ஆட்டத்திற்கு முன்பே அறிவித்தது. பல மாதங்கள் பயின்ற ஒருவர், தம் கண்ணுக்குப் புலப்படாத கணக்கீட்டால் தோற்கும்போது பயிற்சியின் மீதே நம்பிக்கை இழக்கிறார். மாறாக, விரல்விரைவு ஒன்றே வெல்லுமாயின், வாழ்நாள் உழைப்பால் வீரர்கள் அடைந்த வேறுபாடுகள் வெறும் பெயர்களாகின்றன. இரு தரப்பின் உழைப்பும் மதிக்கப்பட வேண்டுமெனில், தோல்வியின் காரணம் தோற்றவருக்குத் தெரியும்படி இருத்தல் வேண்டும்.

முடிவுரை

மெய்ம்மையும் ஆடுநர் திறனும் ஒன்றுக்கொன்று முரணானவை என்னும் பொதுக்கருத்து மறுஆய்வுக்குரியது. மெய்ம்மை மிகும்போது திறன் மறைவதில்லை. இயற்றும் திறன் ஏவும் திறனாக மாறுகிறது. எளிமை மிகும்போது மெய்ம்மை முற்றும் நீங்குவதுமில்லை என்பதற்குப் போ ஜாக்சன் சான்றாகிறார். வீரரின் குறையை மறைவான எண்ணாக வைக்காமல் ஆடுநர் எதிர்கொள்ளத்தக்க தடையாக மாற்றும் உடனிகழ்ச்சி முறையே இவ்விரண்டையும் இணைக்கும் வாய்ப்புடையது என்பது இவ்வாய்வின் முடிபாகும்.