பலகை ஒட்டுமுன் விளிம்பைக் கவனியுங்கள்

சாப்பாட்டு மேசைக்கு வேண்டிய அகலத்தில் ஒரே பலகை கிடைப்பது இப்போது அரிது. கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகாது. இரண்டு மூன்று பலகைகளை ஒட்டித்தான் அகலம் சேர்க்க வேண்டும். ஒட்டு விட்டுப்போனால் எல்லோரும் பசையைத் திட்டுகிறார்கள்; பெரும்பாலும் குற்றம் விளிம்பில்தான். வீட்டில் சின்ன டேபிள் ஸா வைத்து வேலை செய்பவர்களுக்கு இந்தக் குறிப்புகள்.

1. பழைய வீடு இடித்த தேக்கு என்றால் முதலில் ஒரு காந்தத்தால் இரு பக்கமும் தடவுங்கள். தலை உடைந்து உள்ளே புதைந்த ஆணி ஒன்றே பிளேடின் பற்களைப் பெயர்த்துவிடும். புது மரம் என்றால் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நிம்மதி.

2. முறுக்கிய பலகையை அப்படியே அறுக்காதீர்கள். மேசைமேல் வைத்தால் ஆடுகிறதா? முதலில் இழைப்புளி போட்டு ஒரு முகத்தைச் சமமாக்குங்கள். ஆடும் பலகை பிளேடில் சிக்கி ஆள்மேல் பாயும்.

3. நீளவாக்கில் அறுக்க 10 அங்குல பிளேடில் 24 முதல் 30 பற்கள் போதும். 60, 80 பல் பிளேடு பிளைவுட்டுக்கும் குறுக்கு வெட்டுக்கும் ஆனது. தடித்த தேக்கில் அது மரத்தைக் கருக்கும். கருகிய விளிம்பில் பசை ஊறாது.

4. பலகையை வழிநடத்தும் ஃபென்ஸ் பிளேடுக்கு இணையாக இருக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு பல்லில் பேனாவால் குறியிடுங்கள். மேசையிலுள்ள காடியிலிருந்து அந்தப் பல் எவ்வளவு தூரம் என்று முன்பக்கம் அளந்து, அதே பல்லைப் பின்பக்கம் திருப்பி மறுபடி அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றானால் பிளேடு நேர். பிறகு ஃபென்ஸையும் அதே காடியிலிருந்து இரு முனையிலும் அளந்து பாருங்கள். பின்முனை பிளேடின் பக்கம் துளியும் சாயக்கூடாது.

5. பிளேடு 90 பாகையில் நிற்கிறதா என்று மூலைமட்டத்தால் பாருங்கள். மெஷினில் அச்சடித்த அளவுகோலை நம்ப வேண்டாம். மட்டம் தகட்டில் படியட்டும். பல்லில் பட்டால் தப்பாகக் காட்டும்.

6. இரண்டு விளிம்பும் கோணல் என்றால்தான் சிக்கல். கோணல் விளிம்பை ஃபென்ஸில் சாய்த்தால் வெட்டும் கோணலாகத்தான் வரும், ஆபத்தும்கூட. பலகையைவிட நீளமான 12 மி.மீ. பிளைவுட் பட்டை ஒன்று எடுங்கள். அதன் விளிம்பை ஒட்டிக் கோடு போட்டு, பட்டையைப் புரட்டி அதே விளிம்பால் மறுபடி கோடு போடுங்கள். இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் விளிம்பு நேர். அந்த விளிம்பு ஃபென்ஸில் உரசும்படி வைத்து, பலகையின் கோணல் ஓரம் மறுபக்கம் பட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கத் திருகால் பிணையுங்கள். திருகு, பின்னால் வெட்டி எறியும் முனைகளில், பிளேடு வராத இடத்தில் இருக்கட்டும். இப்போது அறுத்தால் நேர் விளிம்பு வந்துவிடும். பட்டையைக் கழற்றி, நேரான பக்கத்தை ஃபென்ஸில் வைத்து அடுத்த பக்கத்தை அறுக்கலாம்.

7. பலகைகளை வரிசையாக அடுக்கி, எல்லாவற்றின் குறுக்கேயும் ஒரு பெரிய முக்கோணம் வரையுங்கள். எது எங்கே என்று பிறகு குழம்ப மாட்டீர்கள். சேரும் இரு விளிம்புகளில் ஒன்றை முக்கோணம் மேலே இருக்கவும், மற்றதைக் கீழே இருக்கவும் அறுங்கள். பிளேடு அரை பாகை சாய்ந்திருந்தால்கூட 89.5, 90.5 என்று ஒன்றை ஒன்று ஈடுகட்டி மேசை சமமாக வரும். எனக்குப் பிடித்த வித்தை இதுதான்.

8. நடுவில் நிறுத்தாமல் ஒரே வேகத்தில் தள்ளுங்கள். நின்ற இடம் கருகும். நீளப் பலகைக்குப் பின்னால் அதே உயரத்தில் ஒரு தாங்கி வையுங்கள்.

9. பிளேடுக்குப் பின்னாலுள்ள பிளவுத் தகட்டைக் கழற்றாதீர்கள். கையுறை, தொங்கும் துப்பட்டா, வளையல் எதுவும் கூடாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பதும் வேண்டாம், கால்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். பிளேடின் நேர்க்கோட்டில் நிற்காமல் சற்றே ஒதுங்கி நின்று, கடைசிப் பகுதியைத் தள்ளுகோலால் தள்ளுங்கள்.

10. ஒரு பலகையின் விளிம்பின்மேல் அடுத்ததை நிறுத்திப் பின்னால் டார்ச் அடியுங்கள். மேல்பலகை சுழன்றால் நடுவில் மேடு. நடுவில் தாள் கனத்துக்கு வெளிச்சம் தெரிந்தால் பரவாயில்லை, கிளாம்ப் சேர்த்துவிடும். முனைகளில் தெரிந்தால் மறுபடி அறுங்கள். உப்புத்தாள் மட்டும் வேண்டாம். அது ஓரத்தை உருட்டிவிடும்.

11. அறுத்த அன்றே ஒட்டுங்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. அசிட்டோன் தொட்டுத் துடைத்து, காய்ந்ததும் ஃபெவிகாலை இரு விளிம்பிலும் மெல்லியதாகத் தடவுங்கள். கிளாம்ப்களை மேலும் கீழுமாக மாற்றி மாற்றிப் போட்டு இறுக்கினால், நீளம் முழுக்கப் பசை மணிமணியாகக் கசிய வேண்டும். 24 மணி நேரம் தொடாதீர்கள். நீர்படும் இடமானால் நீர்தாங்கும் பசை வாங்குங்கள்.

12. மேசையை ஒட்டுமுன் மிச்சத் துண்டுகள் இரண்டை ஒட்டி, மறுநாள் சுத்தியலால் அடித்து உடைத்துப் பாருங்கள். ஒட்டு நிற்க, பக்கத்து மரம் பிளந்தால் விளிம்பு சரி.