ராபின்ஸா, பத்தோமாவா?

கேள்வி: அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ.-யின் முதல் படித் தேர்வுக்கு நோயியல் படிக்க ராபின்ஸ், பத்தோமா இரண்டையும் வாங்கிவிட்டேன். எதைப் பிடிப்பது?
– மருத்துவ மாணவி, மதுரை

பதில்: பத்தோமாவைப் பிடியுங்கள். சிகாகோ பல்கலைக்கழகத்து டாக்டர் ஹுசைன் சத்தார் உருவாக்கியது. முதல் மூன்று பாடங்களை, அதாவது செல் சேதம், அழற்சி, புற்றுவளர்ச்சி ஆகியவற்றை, இரண்டு முறையாவது படியுங்கள். மற்ற உறுப்புப் பாடங்கள் எல்லாம் இவற்றின் மேல்தான் நிற்கின்றன. உதாரணமாக, மாரடைப்புக்குப் பின் முதலில் நியூட்ரோஃபில், பிறகு மேக்ரோஃபேஜ், கடைசியில் தழும்பு. இந்த வரிசை புரிந்தால், ஐந்தாம் நாள் வாக்கில் இதயச் சுவர் ஏன் கிழியக்கூடும் என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பெரிய ராபின்ஸ் ஆயிரம் பக்கத்துக்கு மேல். அருமையான நூல்தான், ஆனால் சந்தேகம் வந்தால் மட்டும் புரட்டுங்கள்.

அன்றன்று படித்த பாடத்துக்கு அன்றே யு-வேர்ல்டு கேள்வி வங்கியின் கேள்விகளைப் போடுங்கள். தவறான விடைகளுக்கான விளக்கத்தையும் விடாமல் படியுங்கள். பாதிப் படிப்பு அங்கேதான் நடக்கிறது.

2022 ஜனவரி 26 முதல் இத்தேர்வில் மதிப்பெண் இல்லை, தேர்ச்சியா தோல்வியா என்பது மட்டுமே. தோற்றால் அது பதிவேட்டில் நிற்கும். அதனால் மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து தேறும்வரை தேதி குறிக்காதீர்கள், அம்மா.