பனிக்கடலில் கப்பல் செல்வது எப்படி?

வட துருவக் கடலுக்கு உல்லாசக் கப்பலில் சென்று வெண்கரடி பார்த்து வரலாம் என்ற விளம்பரங்கள் இப்போது தில்லிக்கும் வந்துவிட்டன. பணம் கட்டுமுன், பனிக்கடலில் ஒரு கப்பல் எப்படிச் செல்கிறது என்பதை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

நம் நாட்டிற்கு இது முற்றிலும் புதிய அனுபவமன்று. 1981-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் கோவாவிலிருந்து 'போலார் சர்க்கிள்' என்ற நார்வே நாட்டுக் கப்பலில் டாக்டர் காசிம் தலைமையில் 21 பேர் புறப்பட்டனர். 1982 ஜனவரி 9-ஆம் நாள் அண்டார்டிகாவில் கால் பதித்தனர். அது தென் துருவம். ஆயினும் பனியின் குணம் இரு துருவங்களிலும் ஒன்றுதான்.

கடல்நீர் உப்புக் கலந்தது. ஆகவே அது பூஜ்யத்தில் உறைவதில்லை. ஏறத்தாழ மைனஸ் 1.8 டிகிரி செல்சியஸில் உறைகிறது. ஒரு கன மீட்டர் பனிக்கட்டியின் எடை சுமார் 917 கிலோ. கடல்நீரின் எடை சுமார் 1025 கிலோ. முன்னதைப் பின்னதால் வகுத்துப் பாருங்கள். மிதக்கும் பனிப்பாறையில் பத்தில் ஒன்பது பங்கு நீருக்குள் மறைந்திருப்பதன் காரணம் விளங்கும்.

பனி உடைக்கும் கப்பல் பனியைக் கத்திபோல் அறுப்பதில்லை. அதன் முன்பகுதி சாய்வாக அமைந்திருக்கும். கப்பல் பனியின்மேல் ஏறித் தன் எடையால் அழுத்தி முறிக்கிறது. பனிக்கட்டி கான்கிரீட்டைப் போன்றது. நெருக்கினால் தாங்கும், வளைத்தால் முறியும். 1893-இல் நான்சென் வட துருவக் கடலுக்குக் கொண்டு சென்ற 'ஃபிராம்' கப்பலின் அடிப்பகுதி உருண்டையானது. பனி இருபுறமும் நெருக்கியபோது அது நொறுங்காமல் மேலே எழும்பியது.

இன்னோர் எதிரி குளிர். ரயில்வேயில் இருந்தவர்களுக்கு இது தெரியும். வட இந்தியாவில் குளிர்கால இரவுகளில் தண்டவாளம் சுருங்கி இழுபடும். வெல்டிங் இணைப்புகளில் முறிவு ஏற்படும். அதற்காகவே இரவு ரோந்து உண்டு. குளிரில் சாதாரண எஃகு நொறுங்கும் தன்மை பெறுகிறது. ஆகவே துருவக் கப்பல்களுக்குக் குளிரிலும் உறுதி குன்றாத எஃகு தேவை. துருவக் கப்பல்களுக்கான சர்வதேச விதிகள் 2017 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளன.

விதி மட்டும் போதாது. 1984-இல் கனடாவுக்கு வடக்கேயுள்ள வடமேற்குக் கடல்வழியை முழுதும் கடந்த முதல் பயணிகள் கப்பல் 'எக்ஸ்ப்ளோரர்'. பனிக்கடலுக்கென்றே கட்டப்பட்ட அக்கப்பல் 2007 நவம்பரில் அண்டார்டிகா அருகே பனியில் மோதி மூழ்கியது. அதிலிருந்த 154 பேரும் உயிர் தப்பினர். படகுகளில் காத்திருந்த அவர்களை ஏற்றிக்கொள்ள வேறொரு கப்பல் வந்து சேர்ந்ததே காரணம். எனவே பயணச்சீட்டு வாங்குவோர் அறையின் வசதியைக் கேட்குமுன், கப்பல் எவ்வளவு பனியைத் தாங்கும், அருகில் உதவிக்கு யார் இருப்பார்கள் என்று கேட்க வேண்டும்.

2008 ஜூலை முதல் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் 'ஹிமாத்ரி' என்ற நம் ஆய்வு நிலையம் உள்ளது. அங்குள்ள பனி உருகுவதற்கும் நமது பருவமழைக்கும் உள்ள தொடர்பு நம் விஞ்ஞானிகளின் ஆய்வுப் பொருள்களில் ஒன்று. வேடிக்கை பார்க்கப் போகிறவர்களும் இதனை நினைவில் கொள்ளட்டும். அந்தப் பனிக்கும் தஞ்சை வயலுக்கும் நடுவே இருப்பது தொலைவு மட்டுமன்று.