கணிப்பொறிக்குள் வளரும் புற்று

பொன்மலைப் பணிமனையின் அருகில் வாழும் நமக்கு ஓர் உண்மை எளிதில் விளங்கும். இரயில் பெட்டியின் அச்சு ஒரே நாளில் முறிவதில்லை. கண்ணுக்குத் தெரியாத விரிசல் தோன்றி, ஓட்டத்தின் அழுத்தத்தால் வளர்ந்து, முடிவில் முறிவாகிறது. எத்தனை சுழற்சியில் முறியும் என்பதை, ஓர் அச்சை முறியும்வரை சுழற்றி அறியலாம். மனித உடலில் அவ்வாறு சோதிக்க எந்த அறமும் இடந்தராது. புற்றுநோய் ஆய்வாளர் கணிப்பொறியை நாடியதற்கு இஃது ஒரு பெருங்காரணம்.

பொறிக்கு முன்பே கணக்கு வந்துவிட்டது. 1954இல் இங்கிலாந்தில் ஆர்மிட்டேஜ், டால் என்னும் இருவர் இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து, பல புற்றுநோய்களில் இறப்பு வீதம் வயதின் ஆறாம் அடுக்காக உயரக் கண்டனர். அதாவது, 35 வயதினரைவிட 70 வயதினர்க்குக் கணக்குப்படி 64 மடங்கு. ஒரே மாற்றத்தால் நோய் வருமாயின் இத்துணை ஏற்றம் வாராது. உயிரணுவில் ஏழு மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேரவேண்டும் என்று கருதினர். (அதே ஆண்டில்தான் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது.) இந்நோய்க்குப் 'புற்று' என்னும் பெயர் எத்துணைப் பொருத்தம்! மேடு வெளியே தெரியுமுன்பே உள்ளே வேலை தொடங்கிவிடுகிறது.

இன்று இக்கணக்கைப் பொறி ஓட்டிக்காட்டுகிறது. இதனை ஒப்புருவாக்கம் என்பர். ஒவ்வோர் உயிரணுவும் அங்கே சில எண்களின் தொகுதி. அது பிளந்து இரண்டாகும், இறக்கும், எப்போதேனும் பிழையுடன் பிளக்கும். எது நேரும் என்பதைப் பகடை உருட்டுவதுபோல் பொறி முடிவு செய்யும். ஆயிரம் முறை ஓட்டினால் ஆயிரம் நோய் வரலாறுகள் கிட்டும்.

மாணவ நண்பர்கள் இங்கே ஏமாந்துவிடலாகாது. நாம் ஊட்டிய அனுமானத்தையே பொறி விரித்துரைக்கிறது. 1957இல் அதே ஆர்மிட்டேஜும் டாலும், மாறிய உயிரணுக்கள் பெருகுவதையும் சேர்த்துக்கொண்டால் இரண்டே மாற்றங்கள்கூட ஏறத்தாழ அதே ஏற்றத்தைத் தரும் என்று காட்டினர். கோடு பொருந்துவது மட்டும் சான்றாகாது. ஆய்வுக்கூடமே தீர்ப்பளிக்க வேண்டும்.

அத்தகைய தீர்ப்புக்கு ஒரு சான்று உண்டு. இப்போது பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஆய்வுக்குழு நடத்தும் மோகித் குமார் ஜாலி, முன்னர் அமெரிக்காவில் இருந்தபோது, புற்று பிற உறுப்புகளுக்குப் பரவும் முறையைக் கூட்டாளிகளுடன் ஆராய்ந்தார். ஒன்றோடொன்று ஒட்டிநிற்கும் உயிரணு, பிடிவிட்டு நகரும் உயிரணுவாக மாறுவதுண்டு. இரண்டுக்கும் நடுவே, ஒட்டியபடியே கூட்டமாக நகரும் இடைநிலையும் நிலைத்திருக்கக்கூடும் என்றும், அதைத் தாங்கும் புரதங்கள் இன்னின்ன என்றும் கணக்கு கூறியது. அவற்றுள் ஜி.ஆர்.எச்.எல்.2 என்னும் புரதத்தை நுரையீரல் புற்று உயிரணுக்களில் குறைத்துப் பார்த்து, 2016இல் முடிவை வெளியிட்டனர். கணக்கு சொன்னவாறே இடைநிலை குலைந்தது.